பூஜ்ஜியத்துக்கு இறங்காத கோடு

என்னுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களும் பி.எஸ்ஸி., எம்.சி.ஏ. சான்றிதழ்களும் ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைலுக்குள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட் முதலாளியின் இரும்பு பீரோவில் இரண்டு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தன. நான் வெளியே நடமாடிக்கொண்டிருந்தேன் என்று பெயர்தான். உண்மையில் உள்ளே பூட்டிக் கிடந்தது நான். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுனாமிக்கு முந்தைய வருடங்கள் அவை. எம்.சி.ஏ. முடித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்த காலம். என் அப்பா செங்கல்பட்டில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த முதலாளி மனை போட்டு விற்றுச் சம்பாதித்து, திருவிடந்தைக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை வளைத்து ரிசார்ட் கட்டியவர். அவர் விற்ற மனைகளில் பாதி என் அப்பா மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றைக்கு அப்பாவும் கூட வந்தார். முதலாளி காபி வரவழைத்தார். என் கையிலிருந்த ஃபைலை வாங்கி பீரோவில் வைத்துச் சாவியைத் திருகினார்.

"மூணு வருசம் வேலைய வுட்டுப் போவக் கூடாது, பாண்டும்மா. எல்லா கம்பெனிலயும் இதான் பழக்கம்" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். யார் வீட்டுக்கு வந்தாலும் "ஒரிஜினல மட்டும் கைய விட்டுக் குடுத்துடாத" என்று காது புளிக்கப் புளிக்கச் சொல்கிற மனிதர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டில் ஒரு பஸ், மாமல்லபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். இரண்டாவது பஸ்ஸில் எப்போதும் திருவிடந்தைக் கோயிலுக்கு மாலையோடு போகிற கூட்டம் இருக்கும். கல்யாணம் ஆகாதவர்கள் வேண்டிக்கொள்கிற கோயில். பக்கத்தில் உட்கார்கிற அம்மாக்கள் என் கழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உனக்கும் சேத்து வேண்டிக்கவா கண்ணு?" என்று கேட்பார்கள். "என் சர்ட்டிபிகேட் வரணும்னு வேண்டிக்குங்க" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அந்த அம்மா மாலையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரிசார்ட்டில் என் வேலை கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமும். பில் போடுகிற மென்பொருள், வலைத்தளம், அப்புறம் மெயில் சர்வர். சர்வர் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்காதீர்கள். வரவேற்பறைக்குப் பின்னால் துடைப்பமும் பக்கெட்டும் வைக்கிற அறையில், ஒரு ஸ்டூல் மேல் இருந்த பழைய கம்ப்யூட்டர். உப்புக்காற்றில் அதன் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன.

முதலாளி மெயிலைத் திரையில் படிக்க மாட்டார். காகிதத்தில் வேண்டும். அறை முன்பதிவைப் பார்த்துக்கொண்ட பாய் தினமும் காலையில் வந்த மெயில்களை எல்லாம் அச்செடுத்து, கிளிப் போட்டு, மேசையில் வைப்பார். பாய்க்குக் கோவளம் பக்கம் வீடு. அவர்கள் குடும்பத்துக்கு அங்கே ஜவுளிக்கடை இருந்தது. கடையில் அண்ணன்களோடு ஒத்துப்போகாமல் இங்கே வந்தவர். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் நாலு வார்த்தை பேசுவார். மிச்சத்தைச் சிரித்தே சமாளித்துவிடுவார்.

முதல் வருடம் அந்தக் கட்டு மெல்லியதாக இருந்தது. பிறகு குப்பை வர ஆரம்பித்தது. லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது, ஆப்பிரிக்காவில் ஒரு விதவை செத்துக்கொண்டிருக்கிறாள், கைக்கடிகாரம் வேண்டுமா, ஆண்மை மாத்திரை வேண்டுமா. கட்டு வீங்கிக்கொண்டே போனது. ஒரு நாள் முதலாளியின் மாமியார் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது மேசைமேல் கிடந்த மாத்திரை விளம்பரத்தை எடுத்துப் பார்த்துவிட்டார். படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் படம் இருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"இன்னாம்மா இது அசிங்கம்? இவனுங்களுக்கு என் அட்ரஸ யாரு குடுத்தது?"

"வெப்சைட்ல இருக்குது சார். உலகத்துல யார் வேணா எடுத்துக்கலாம்."

"போட்டது யாரு?"

"போடச் சொன்னது நீங்க."

இந்த மாதிரி பதில் சொல்லித்தான் நான் கெட்டுப்போனேன். வாயை அடக்கியிருந்தால் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்போது சென்னையில் வேலைக்கு ஆள் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். எந்த நேர்காணலுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒரிஜினல் எங்கே என்பதுதான். ஒரு நாள் காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போய், ஒரு வாரத்துக்கு மட்டும் சான்றிதழ்களைத் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் கையில் அன்றைய கட்டு இருந்தது. என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"இந்தக் கழுதைங்க மொத்தமா நிக்கட்டும். ஒண்ணு கூட வரக் கூடாது. அன்னிக்கு வந்து வாங்கிக்க" என்றார்.

ஒண்ணு கூட வரக் கூடாதாம். கடல் அலையை நிறுத்திவிட்டு வா என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. குப்பை மெயிலை நான் தயாரிக்கவில்லை, அது உலகம் முழுக்க வந்துகொண்டிருக்கிறது, என்னால் அதைத் தனியாகப் பிரித்து வைக்கத்தான் முடியும், வராமலே செய்ய முடியாது. இதை வாயால் சொல்லி அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. சரி, படம் போட்டுக் காட்டுவோம் என்று இறங்கினேன்.

குப்பையைப் பிரிக்கிற வடிகட்டி ஒன்றைச் சர்வரில் ஏற்கெனவே போட்டிருந்தேன். அது ஒவ்வொரு மெயிலையும் முகர்ந்து பார்த்து, குப்பை என்று தோன்றினால் முத்திரை குத்தி ஓரமாக வைக்கும். குத்தியதை ஒரு வரியாகக் குறித்தும் வைக்கும். அந்த வரிகளை ஒவ்வொரு நாளும் எண்ணி, எண்ணிக்கையைச் சேமித்து, வரைபடமாக்குகிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். குறுக்கே நாட்கள், மேலே எண்ணிக்கை. பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். இணையத்தில் யார் யாரோ போட்டிருந்த துண்டுகளைப் பார்த்து, தப்புத் தப்பாகப் போட்டு, திருத்தித் திருத்தி ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். முதல் தடவை கோடு ஒழுங்காக வந்தபோது அந்தத் துடைப்ப அறையில் நான் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். பாய் பாம்போ என்னவோ என்று ஓடிவந்தார்.

அழகாக இருந்தது அந்தக் கோடு. ஞாயிற்றுக்கிழமை பள்ளம், வார நடுவில் மேடு, மாதக் கடைசியில் ஒரு சின்னக் குன்று. எங்கேயோ முகம் தெரியாத திருடர்களுக்கும் விடுமுறை நாள் உண்டு என்பது அதில் தெரிந்தது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மனை வரைபடம் பார்த்துப் பழகிய கண். சட்டென்று விரலை வைத்தார்.

"இது இன்னா, இங்க ஏறிக் கீது?"

"அன்னிக்கு நெறைய வந்துச்சி சார்."

"இங்க எறங்கிக் கீது?"

"அன்னிக்குக் கம்மி."

"அப்ப ஏறுனா நீ தூங்கினு இருந்த, எறங்குனா வேல செஞ்ச. அதானே?"

"அதில்ல சார்..."

"தினம் ஒண்ணு குடு" என்று சொல்லிவிட்டு, கோந்து எடுத்து, தன் நாற்காலிக்குப் பின்னால் சாமி காலண்டருக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் பழைய படத்தின்மேல் புதுப் படம் ஒட்டப்பட்டது. சம்பளம் வாங்க வருகிற சமையல்காரர், நீச்சல்குளம் சுத்தம் செய்கிறவர், செடிக்குத் தண்ணீர் விடுகிற அக்கா, எல்லோர் கண்ணிலும் பட்டது. படித்தவர் படிக்காதவர் வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் புரிகிற மாதிரி நான்தானே வரைந்திருந்தேன்! "இன்னா பாப்பா, நேத்து மேல பூட்ச்சாமே?" என்று செடி அக்கா குழாயைப் பிடித்துக்கொண்டே விசாரிப்பார். ஜுரம் வந்த பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்பார். எனக்கு அழுகை அழுகையாக வரும்.

இதில் இன்னொரு கொடுமை இருந்தது. அது எனக்கே மெதுவாகத்தான் உறைத்தது. என் படம் எண்ணியது வந்த குப்பையை இல்லை, வடிகட்டி பிடித்த குப்பையை. நான் வடிகட்டியை நன்றாகத் தீட்டினால் அது அதிகமாகப் பிடிக்கும், கோடு ஏறும். மெத்தனமாக விட்டால் குப்பை நல்ல மெயிலோடு கலந்து பாய் கைக்குப் போகும், கோடு இறங்கும். திருடனைப் பிடிக்கப் பிடிக்கக் கேஸ் கூடிப்போன போலீஸ் ஸ்டேஷன் கதைதான். ஒழுங்காக வேலை செய்தால் சான்றிதழ் கிடையாது. வேலையைக் கெடுத்தால் மாமியார் கையில் மாத்திரைப் படம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது இறந்துபோனாள். அப்பாவே சமைப்பார். நான் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறையிலிருந்து குரல் வரும்.

"இன்னிக்கு ஏத்தமா, எறக்கமா?"

எனக்காக இந்த உலகத்தில் ஒரு ஜீவன் கவலைப்படுகிறது என்று நெஞ்சு நிறைந்துவிடும். ஏற்றம் என்றால், "வுடும்மா, எங்க போவப் போவுது, பாத்துக்கலாம்" என்று அப்பளம் பொரிப்பார். ஒரு நாள் அவரே யோசனையும் சொன்னார். ஒரு நாள் கணக்கைப் பார்க்காதே, வாரக் கணக்கைச் சேர்த்துச் சராசரி போடு, அதுதான் நியாயம் என்றார். போட்டேன். தடிமனாக ஒரு சிவப்புக் கோடு வந்தது. முதலாளிக்கு அந்தச் சிவப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் சராசரிக் கோடு எருமை மாதிரி. இறங்க ஆரம்பித்தாலும் இறங்கியது தெரிவதற்கு ஒரு வாரம் ஆகும்.

இரண்டாவது வருடக் கடைசியில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பெங்களூரில் ஒரு நிறுவனம், மெயில் சர்வர்களைப் பராமரிப்பதுதான் அவர்கள் தொழில். நான் எழுதிய ஸ்கிரிப்டை விவரித்தபோது நேர்காணலில் எதிரே இருந்தவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலை கொடுத்தார்கள். இப்போதைக்கு நகல் போதும், தீபாவளி கழிந்து சேரும்போது ஒரிஜினல் கொண்டுவா, இல்லாவிட்டால் சேர்க்க முடியாது என்றார்கள்.

அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்றார். ரசத்தை இறக்கினார். "குடுப்பாரா அவரு?" என்று கேட்டார்.

கொடுக்க வைக்கிறேன் என்று சபதம் போட்டுக்கொண்டு அடுத்த வாரமே ஒரு காரியம் செய்தேன். குப்பை அனுப்புகிற சர்வர்களின் பட்டியலை இணையத்தில் சில பேர் பராமரித்து வந்தார்கள். அந்தப் பட்டியலில் இருக்கிற எவன் வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பு என்று சர்வருக்குக் கட்டளை போட்டேன். உள்ளே வந்தால்தானே எண்ணிக்கை? கோடு சரசரவென்று இறங்கியது. முதலாளி ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். செடி அக்கா ஒரு செம்பருத்தியைப் பறித்துக் கொடுத்தார். நான் பெட்டி வாங்க விலைகூட விசாரித்துவிட்டேன்.

அந்த நாட்களில் அப்பா சரியாகப் பேசவில்லை. "எறக்கம்ப்பா!" என்று வாசலிலிருந்தே கத்துவேன். "ம்" என்பார். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவார். பிரஷர் மாத்திரை போட்டாரா என்று கேட்டேன். போட்டேன் என்றார்.

இரண்டு வாரம் தாங்கியது அந்த சந்தோஷம். அப்புறம் பாய் துடைப்ப அறைக்கு வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"தங்கச்சி, பேஜாராப் பூட்ச்சி. பிரான்சுலேர்ந்து நம்ம டூர் ஏஜென்ட்டு போன்ல கத்துறான். பத்து நாளா மெயில் போட்டா திரும்பி வந்துகினே கீதாம். அவன் குரூப்ப முட்டுக்காடு பக்கம் வேற ஓட்டல்ல போட்டுட்டானாம்."

அந்த ஏஜென்ட்டின் சர்வர் பட்டியலில் மாட்டியிருந்தது. எந்த நாசமாய்ப் போனவனோ அதே சர்வரிலிருந்து குப்பையும் அனுப்பியிருக்கிறான். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

பாய் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. டெலிபோன் கேபிளை எங்கேயோ வெட்டிவிட்டார்கள் என்று முதலாளியிடம் சொல்லிச் சமாளித்தார். "எனக்கும் மூணு தங்கச்சிங்க கீறாங்க. ஆனா இன்னொரு தபா இந்த வேல வச்சிக்காத, என் பொழப்புல மண்ணு" என்றார். கட்டளையை நீக்கினேன். கோடு மறுபடி ஏறியது. ஆத்திரத்தில் யு.பி.எஸ். பெட்டியை ஒரு உதை விட்டேன். அது கீச்சென்று கத்த ஆரம்பித்து, அரை நாள் வாயை மூடவில்லை.

"ஏத்தம்" என்று சொன்ன அன்றைக்கு அப்பா வடை சுட்டார். எனக்கு ஆறுதலுக்காகச் சுட்டார் என்று நம்பி, நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முன்தினம் முதலாளி எல்லோரையும் கூட்டி, எந்த மிஷினும் ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டார். தண்ணீர் மோட்டாருக்குக்கூட முன்கூட்டியே தொட்டி நிரப்பிவிட்டு ஓய்வு. சர்வரும் ஆயுதம்தானே? அணைத்தேன். அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றினோம். காற்று போகிற ஓட்டைகளில் சந்தனம் அடைத்துக்கொண்டதை ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். வேன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம், சாலையில் பூசணிக்காய், ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை.

விஜயதசமி காலையில் சர்வரைத் திரும்ப ஏற்றினேன். ஸ்கிரிப்ட் ஓடிப் படம் வந்தது. பூஜை நாளுக்கு நேராக, கோடு தரையைத் தொட்டிருந்தது. பூஜ்ஜியம். சர்வரே ஓடாதபோது என்ன எண்ணுவது? ஆனால் முதலாளிக்கு அது தெரியவில்லை. படத்தைக் கையில் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தியாம்மா! நீ இத்தினி நாளா மாரடிச்ச. ஒரு சந்தனம், ஒரு குங்குமம், முடிஞ்சி பூட்ச்சி!"

"அப்ப சர்ட்டிபிகேட் சார்?"

அவர் முகம் சட்டென்று மாறியது. "நாளைக்கும் இப்பிடியே நிக்குதா பாப்போம்" என்று நழுவினார்.

மறுநாள் நிற்கவில்லை. நிற்காதது மட்டுமா! உலகத்தில் எவனோ ஒருவன் எங்கள் ரிசார்ட் முகவரியைத் தன் முகவரி மாதிரிப் போட்டுக்கொண்டு லட்சக்கணக்கில் மாத்திரை விளம்பரம் அனுப்பியிருந்தான். போய்ச் சேராதவை அத்தனையும் "அனுப்பியவருக்கே திருப்பி" என்று எங்கள் தலையில் வந்து விழுந்தன. சர்வர் மூச்சுத் திணறியது. ஸ்கிரிப்ட் எப்படியோ எண்ணி முடித்துப் படம் போட்டது.

அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் திகைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வலது ஓரத்தில் ஒரே ஒரு கம்பம் வானத்துக்குப் போயிருந்தது. மிச்சம் எல்லாம் தட்டையாகக் கிடந்தன. அந்த ஒரு கம்பத்தைத் தாளுக்குள் அடக்குவதற்காக, மென்பொருள் தானாகவே அளவைச் சுருக்கிவிட்டது. என்னை இத்தனை மாதம் தூங்கவிடாமல் செய்த மேடுகள், குன்றுகள் எல்லாம் தரையோடு தரையாக, கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், பாருங்க. ஒரே ஒரு நாள் எவனோ விஷமம் பண்ணிட்டான். அத வுட்டுடுங்க. மத்த நாள் எல்லாம் பூஜ்ஜியத்துல இருக்குது."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"எம்மா, நான் கருங்குழிக்கு அந்தாண்ட பொட்டக் காட்ட மெட்ராசுக்குப் பக்கம்னு மேப் போட்டு வித்தவன். என்கிட்டயே ஸ்கேலு வேல காட்டுறியா? இது ஏறுனதால அது எறங்குன மாதிரி கீது. அதெல்லாம் அங்கயேதான் கீது."

நின்ற இடத்திலேயே உடைந்துபோனேன். சத்தம் போட்டு அழுதேன், அவர் எதிரில். இரண்டு வருடமாக அவரை என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். எழுந்து பீரோவைத் திறந்தார். நீல ஃபைலை எடுத்து, துண்டால் தூசி தட்டி, என் கையில் வைத்தார்.

"இந்தாம்மா. என்னால இனிமே முடியாது. பாண்டும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது. உங்க நைனாதான் வச்சிக்கச் சொன்னாரு. பொண்ணு வெளியூர் பூடுவா, நீங்க ஏதாவது சொல்லிப் புடிச்சி வையுங்கன்னு கையப் புடிச்சிகினு கேட்டாரு. ஒரு சாக்கு சொல்லணுமேன்னு அன்னிக்கு மெயிலச் சொன்னேன். நீ இன்னாடான்னா படம் போட்டுகினு வந்து நின்ன. அத வுட்டா வேற சாக்கு எனக்கும் தெர்ல."

ஃபைலைப் பையில் போட்டேன். பாய் வாசலில் என்ன என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். மாமல்லபுரம் நிலையத்தில் பெங்களூருக்கே நேராகப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நேராகப் பஸ் இல்லை. செங்கல்பட்டு பஸ்தான் நின்றிருந்தது.

அப்பா சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஃபைலை வெங்காயத் தோல்மேல் போட்டேன்.

"பாண்டுன்னு ஒண்ணு இருந்துச்சாப்பா?"

அவர் ஃபைலைப் பார்த்தார். "இல்லம்மா" என்றார்.

முதலாளிக்காக நான் தயார் செய்து வைத்திருந்த அத்தனை வசவும் அப்போது வந்தது. துரோகி என்றேன். நீ ஒரு அப்பனா என்றேன். தினமும் ஏற்றமா இறக்கமா என்று கேட்டாயே, எந்த வாயால் கேட்டாய் என்றேன். வடை சுட்டாயே என்றும் கேட்டேன். பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்திவிட்டார்கள், அந்த அளவுக்குக் கத்தினேன். அவர் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நின்றபோதுதான் பேசினார்.

"உங்கம்மா போனப்ப நீ ஆஸ்டல்ல இருந்த. நான் இந்த வூட்ல தனியா இருந்தேன். ஒரு தபா ஞாயித்துக்கெழம சேந்து நாலு நாள் லீவு. லீவு முடிஞ்சி ஆபீசுக்குப் போயி, ஒரு ஆளக் கூப்புட வாயத் தொறக்கிறேன், சத்தமே வரலம்மா. நாலு நாளா ஒரு வார்த்த பேசல நான். அதுலேர்ந்து எனக்கு பயம்."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ இருந்துடுவ. அப்பன் பாவம்னு இருந்துடுவ. அது வேணாம்னு பாத்தேன். அவரு மேல கோவப்பட்டுகினு இருந்தா பரவால்லன்னு நெனச்சேன்." ஃபைல் மேல் ஒட்டியிருந்த தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "போம்மா. இனிமே யாரும் தடுக்கல. நீ போ."

எனக்கு அவர்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. இன்றைக்கும் முழுசாக அடங்கவில்லை. முதலாளி பூட்டி வைத்திருந்த வரைக்கும் நான் தினம் தினம் ஊரை விட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பூட்டு திறந்த பிறகு எனக்கு எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெங்களூருக்குப் பேசினேன். ஒரிஜினல்களை முதலாளி தரமாட்டேன் என்கிறார், பாண்டு முடிகிற வரைக்கும் பூட்டி வைத்திருக்கிறார், என்னால் சேர முடியாது என்று சொன்னேன். போனில் அந்தப் பக்கம் பேசிய பெண், இந்தக் காலத்திலும் இப்படியா என்று எனக்காக ரொம்ப வருத்தப்பட்டாள். ஃபைல் என் தோள்பையில்தான் இருந்தது.